மாறனுக்கு ஒரு பூசை

கடற்கரை ஊரான இனயத்து ஜெனோவாவை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம், அவள் சத்தத்தைக் கேட்காதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. கருங்கல் சந்தையில் இருபத்தெட்டு வருடமாக மீன் விற்கிறாள். ஒருமுறை ஒரு வாத்தியார் அயலையின் செவுளை விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சாரே, எனக்க மீனு கேடா, ஒமக்க மூக்கு கேடா?" என்று சந்தை முழுக்கக் கேட்க விசாரித்தாள். அவர் அதற்குப் பிறகு கோழி வாங்கப் பழகிக்கொண்டார் என்று பேச்சு. அப்படி வாய்க்கு வாய் கொடுக்கிறவளிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஊரில் யாரும் எடுப்பதில்லை. அது அவள் மகன் ஷிபினின் விஷயம்.

ஷிபின் ஒக்கிப் புயலோடு போனவன். போனவன் என்று ஊர் சொல்லும். வரவேண்டியவன் என்று அவள் சொல்வாள். கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் பதினோரு பேர். இரண்டு பேரின் உடல் கோழிக்கோட்டில் ஒதுங்கியது. மற்ற ஒன்பது பேரைக் கடல் தரவேயில்லை. ஷிபினின் அப்பா மரியஜான், தானும் மீன்பிடிக்கிறவர், மூன்று வாரம் ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். மங்களூர் வரைக்கும் போனார். துணி விலக்கிக் காட்டிய இடத்திலெல்லாம் குனிந்து பார்த்தார், அடையாளச் சோதனைக்கு ரத்தம் கேட்ட இடத்தில் கையை நீட்டினார். வீடு திரும்பியபோது ஜெனோவா வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இருந்தானா?"

"இல்ல."

"அப்பம் செரி," என்று அவருக்குச் சோறு போட உள்ளே போனாள்.

மற்ற பத்து வீடுகளிலும் அழுகை நடந்தது. கறுப்புத் துணி கட்டினார்கள், ஜெபம் சொன்னார்கள், வந்தவர்களுக்குக் கட்டன்சாயா கொடுத்தார்கள். ஜெனோவா வீட்டுக்கும் பெண்கள் கூட்டமாக வரத்தான் செய்தார்கள். அவள் நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். "எனக்க வீட்டுல சாவு ஒண்ணும் இல்ல. போங்க," என்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துத் தயாராக வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு விழாத அழுகை பிறகும் விழவில்லை.

அவளுடைய நம்பிக்கைக்கு இரண்டு கால் இருந்தது. ஒன்று, அவள் அப்பா. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது குறும்பனையில் அவர் வள்ளம் கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடலாகக் கரைக்கு வந்தார். செத்தவனைக் கடல் வைத்துக்கொள்ளாது, மூன்று நாளில் கொண்டுவந்து போட்டுவிடும் என்று அன்றைக்குப் பெரியவர்கள் பேசியது அவள் மனதில் பதிந்துவிட்டது. இரண்டாவது கால், ஷிபினே சொல்லிவிட்டுப் போனது. அது ஒரு சினிமாச் சமாசாரம்.

வானமாறன் என்று ஒரு படவரிசை. அந்நிய தேசத்துப் படம், தமிழில் பேசும். ஷிபினுக்குப் பத்து வயதிருக்கும்போது முதல் பாகத்தைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டு வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னான். அதிலிருந்து அது வழக்கமாகிப் போனது. அவன் பார்ப்பான், அவள் கேட்பாள். மாறன் பறப்பான், மலையைத் தூக்குவான், ஆனால் அம்மா போன் பண்ணினால் சண்டையை நிறுத்திவிட்டு எடுத்துப் பேசுவான். ஜெனோவாவுக்கு அவனைப் பிடித்துப் போனதே அதனால்தான். மூன்றாம் பாகத்துக்கு அவளையும் மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வில்லன் மாறனுக்குப் பின்னால் பதுங்கி வந்தபோது, "லே, பொறத்தால பாரு," என்று அவள் எழுந்து நின்று சொன்னதை ஷிபின் கூட்டுக்காரர்களிடம் ஒரு வருடம் சொல்லிச் சிரித்தான்.

ஐந்தாம் பாகம் அந்தத் தீபாவளிக்கு வந்தது. ஷிபினுக்கு இருபத்தொரு வயது. அதில் கடலுக்கடியில் ஒரு பெரிய வாய் திறந்து ஊர்களை விழுங்கப் பார்க்கிறது. அதை அடைக்க மாறன் உள்ளே குதிக்கிறான். தண்ணீர் மூடிக்கொள்கிறது. அவன் அம்மா கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது.

"அப்பம் செத்துப் போனானா மக்கா?" என்று ஜெனோவா கேட்டாள். நெத்தோலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

"சாகல்லம்மா. உடம்பக் காட்டல்லியே. உடம்பக் காட்டாட்டா ஆளு சாகல்ல, இந்தப் படங்களுக்க சட்டம் அதுதான். அடுத்த பாகத்துல வருவான், நீ பாரு."

இதைச் சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை, கொச்சிக்கு பஸ் ஏறினான். இனி யார் வந்து சொன்னாலும் அவளிடம் எடுபடுமா? கடலும் உடம்பைக் காட்டவில்லை, படமும் காட்டவில்லை. காணாமல் போனவர்கள் ஓமானில் ஜெயிலில் இருக்கிறார்கள், லட்சத்தீவில் ஒதுங்கினார்கள் என்று அந்த நாட்களில் கரையெல்லாம் பேச்சு கிளம்பிக்கொண்டே இருந்தது. மற்ற வீடுகளில் அந்தப் பேச்சு ஒரு வருடத்தில் ஓய்ந்தது.

கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கும் புத்தகத்தில் இரண்டு வார்த்தைதான் உண்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு நற்சுகம். இறந்தவர்களுக்கு இளைப்பாற்றி. ஷிபினின் பிறந்த நாள்தோறும் ஜெனோவா போய், "ஷிபின், நற்சுகம்," என்பாள். ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தலையைத் தூக்காமல் எழுதிக்கொள்வார். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எழுத அவரால் முடியாது.

மரியஜானுக்கு இதுதான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மகன் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் புயலின் காற்றைக் கரையில் நின்று பார்த்தவர் அவர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறை மந்திரிப்புக்கு ஊரே இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும், கல்லறைத் தோட்டத்தில் அது ஒவ்வொன்றாக வாசிக்கப்படும், கூடி நிற்கும் சனம் முழுவதும் அந்த ஆன்மாவுக்காக ஜெபிக்கும். தன் மகனுக்கு மட்டும் அப்படி ஜெபிக்க ஆளில்லை, பாவம் தீர உத்தரிக்கிற இடத்தில் அவன் யாரும் கேட்பாரில்லாமல் கிடக்கிறான் என்று அவர் தவித்தார். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியில் மெல்லக் கேட்பார்.

"இந்த வருசம் அவனுக்க பேரக் குடுக்கட்டா?"

"குடுத்தா நீரே அவனக் கொன்னதாக்கும்," என்பாள் ஜெனோவா.

அதோடு பேச்சு முடியும். மரியஜான் தம் அப்பா அம்மா பெயரை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். அவள் அந்த நாளில் வேண்டுமென்றே மீன் சருவத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள்.

ஆறாம் பாகம் அடுத்த வருடமே வரும் என்றார்கள், வரவில்லை. இயக்குநர் மாறினார். அப்புறம் கொரோனா வந்தது. ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஜெனோவாவின் மகள் லிஜா நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவளிடம் ஜெனோவா முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" அடுத்துக் கேட்பது, "மாறன் எப்பம் வாறான்?" லிஜா போனில் தேடிப் பார்த்துச் சொல்வாள். மாறன் வருகிற வரைக்கும் அண்ணனும் வருவான் என்ற கணக்கில் அம்மா இருக்கிறாள் என்பது அவளுக்குப் புரியத்தான் செய்தது. அதை உடைக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. எனவே அவளும் தேதி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வருடம், தீபாவளிக்கு அந்த ஆறாம் பாகம், அதுவே கடைசிப் பாகம், வருவது உறுதியென்று ஆனதும் ஜெனோவா செய்த காரியத்தை இனயத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நேராக உபதேசியாரிடம் போனாள்.

"ஒரு பூசைக்குப் பேரு எழுதணும். மாறன்."

"எந்த வீடு?"

"வெளியூரு. காணாமப் போனவன். திரும்பி வரணும்."

"பாவம்," என்று சொல்லி உபதேசியார், மாறன், நற்சுகம் என்று எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அதைப் பீடத்தில் நின்று கணீரென்று வாசித்தார். வாலிபர் பக்கத்தில் நாலைந்து தோள்கள் சிரிப்பில் குலுங்கின. விஷயம் தெரியாத கிழவிகள், கிழக்கே ஏதோ ஒரு கரையில் எவளோ பெற்ற பிள்ளை என்று உருகி ஜெபித்தார்கள். லிஜாவுக்கு அங்கேயே பூமிக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

"அம்மா, அது சினிமாவாக்கும். எழுதி, எடுத்து, எல்லாம் முடிஞ்சாச்சு."

"எழுதுதவனுக்கு ஆண்டவரு புத்தி குடுக்க மாட்டாரோ?" என்றாள் ஜெனோவா.

அன்றைக்கு மரியஜான் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தார். முப்பது வருடத்தில் அவள் முன்னால் குரலை உயர்த்தாதவர், அன்றும் உயர்த்தவில்லை. "சினிமாக்காரனுக்குப் பூசை வைக்கத் தெரியுது. பெத்த மொவனுக்கு ஒரு இளைப்பாற்றி வைக்க மாட்ட," என்று மட்டும் சொல்லிக் கை கழுவப் போனார். படம் வரட்டும், அதுவே அவருக்குப் பதில் சொல்லும் என்று அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சகல புனிதர்களின் திருநாள் பூசையைக் கண்டுவிட்டு அம்மாவும் மகளும் மதியக் காட்சிக்கு மார்த்தாண்டம் போனார்கள். தியேட்டர் வாசலில் மாறனுக்கு ஆளுயரத்துக்கு மேல் கட்-அவுட் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பையன்களெல்லாம் நெஞ்சில் மாறனின் முத்திரை போட்ட பனியன். ஷிபினின் வயதுக்காரர்கள் சிலர் இப்போது கையில் குழந்தையோடு வந்திருந்தார்கள். ஜெனோவா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஜா கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கூட்டிப் போனாள்.

படம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் ஒரு சிலையைத் திறந்தார்கள். மாறனின் சிலை. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர், மாறன் நமக்காகத் தன்னையே தந்துவிட்டான் என்று ஒரு வரி பேசினார். கைதட்டினார்கள், கலைந்தார்கள். தியேட்டரே சிரித்தது. ஏமாற்றுகிறார்கள், இடைவேளைக்கு வந்துவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இடைவேளைக்கு வரவில்லை. மாறனின் கச்சையைக் கட்டிக்கொண்டு புதிதாக ஒரு பொடியன் பறந்தான், வில்லனைக் கொன்றான், சிலையைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இந்தப் படங்களில் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகும் கடைசியில் ஒரு துண்டு வரும், அதில் வருவான் என்று இருந்தார்கள். பெயர்கள் ஓடித் தீர்ந்தன. விளக்கு எரிந்தது.

அதன் பிறகு கிளம்பியது வசவு. "ஏழு வருசம் காத்ததுக்கு இதுதானாலே?" என்று ஒருவன் வெறும் திரையைப் பார்த்துக் கேட்டான். இன்னொருவன் பொரிப் பொட்டலத்தை வீசினான். முன் வரிசையில் முப்பது வயது ஆள் ஒருவன் பனியனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். லிஜாவுக்கு அம்மாவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏட்டி," என்றாள் ஜெனோவா. குரல் இறங்கியிருந்தது. "அவனுக்க அம்மை எங்க?"

"யாருக்க அம்மை?"

"மாறனுக்க அம்மை. போன படத்துல கரையில நின்னாளே."

லிஜா யோசித்துப் பார்த்தாள். "இதுல அவ வரவே இல்லியேம்மா."

"செத்துப் போனாளா?"

"படத்துல ஒண்ணும் பறையல்ல."

"அப்பம் மொவன் வரமாட்டான்னு அவளுட்ட யாரு சொன்னா?"

அந்தத் தியேட்டரில் அத்தனை பேர் அத்தனை குறை சொன்னார்கள். இந்தக் குறையை வேறு யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் லிஜா போனைப் பார்த்து, நடிகருக்கும் கம்பெனிக்கும் ஒத்துப்போகவில்லையாம், அவர் வராததால்தான் கதையில் சாகடித்துவிட்டார்கள் என்று சொன்னாள்.

"ஆளு இருக்கானா?"

"இருக்காரும்மா. வேற படத்துல நடிக்காரு."

"அவனப் பெத்தவளுக்கு அது போதும்," என்றாள் ஜெனோவா.

பஸ் கருங்கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்குள் நின்றது மாறன் அல்ல, கரையில் நின்ற அந்தப் பெண்பிள்ளை. யாரும் வந்து அவள் தோளைத் தொட்டு, வா, வீட்டுக்குப் போவோம் என்று சொல்லவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தப் படத்தில் யாரும் விடவில்லை. இப்படியா ஒரு பிள்ளையைக் கைவிடுவார்கள் என்று ஆத்திரம் பொங்கி வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே அவள் நினைப்பு ஏழு வருடத்துக்கு முந்தைய தன் வீட்டு நிலைப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. அழ வந்தவர்களைக் கையை ஊன்றி மறித்தது யார்? மங்களூர் வரை போய் வந்த மனுசனிடம், என்ன பார்த்தீர், எப்படித் தாங்கினீர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போடப் போனது யார்? படம் எடுத்தவன் பத்து நிமிடத்தில் செய்ததை அவள் ஏழு வருடமாகச் செய்திருக்கிறாள்.

"மாறனுக்காவது ஒரு சிலை வச்சானுவ," என்று சன்னலைப் பார்த்துச் சொன்னாள். லிஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஐஸில் கிடந்த கை போலச் சில்லிட்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் லிஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் மறுநாளுக்கான சீட்டுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேரு உண்டு. எழுதும்."

"சொல்லு."

"ஷிபின்."

உபதேசியார் வழக்கப்படி தலையைத் தூக்காமல், "பிறந்த நாளு இப்பம் இல்லியே," என்றார்.

"நாளைக்கு வாசிக்கதுல எழுதும். இளைப்பாற்றி."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "மரியஜானுட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அவரு ஏழு வருசமா கேக்காரு," என்றாள். அவர் எழுதி முடிக்கிறவரை நின்று பார்த்தாள். மூன்றே எழுத்துப் பெயரை அவர் அவ்வளவு நேரம் எழுதினார்.

வீட்டில் அவள் மரியஜானிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பிற்பகல் அவர் மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அவள் சற்று நேரம் கழித்து லிஜாவோடு போனாள். கல்லறைத் தோட்டம் முழுக்க ஆள். ஜெனோவாவைக் கண்டு பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

உபதேசியார் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் சேர்ந்து பதில் சொன்னது. "ஷிபின், மரியஜான் ஜெனோவா மகன்," என்று வாசித்தபோது, தம் அப்பாவின் கல்லறை ஓரமாக நின்ற மரியஜானின் தலை சட்டென்று நிமிர்ந்தது. சனம் பதில் சொன்னது. அடுத்த பெயரும் வாசிக்கப்பட்டது. இறந்தவர்களோடு அந்தப் பெயர் காதில் விழுந்தால் செத்துவிடுவோம் என்று ஜெனோவா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். சாகவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஜெபம் முடிந்து ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். ஆட்கள் அவரவர் கல்லறைக்குப் பிரிந்தார்கள். மரியஜான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திரி ஏற்றிவிட்டு, கல்லறையே இல்லாத மேற்கு மதில் பக்கம் நடந்தார். ஜெனோவா பின்னாலேயே போனாள். அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். அதன் நடுவில் ஒரு முழ இடம் மட்டும் வெறும் மணலாக, யாரோ அடிக்கடி புல்லைப் பறித்துச் சுத்தம் பண்ணி வைத்தது போல் இருந்தது. மரியஜான் அதில் ஒரு மெழுகுதிரியை ஊன்றினார். பழைய திரிகளின் மெழுகு அந்த மணலில் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"இது யாருக்க இடம்?" என்று ஜெனோவா கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "யாருக்கும் இல்ல. வருசா வருசம் நான் இங்க அவனுக்குத் திரி கொளுத்துவேன்."

"ஏழு வருசமா? ஒத்தைக்கா?"

"பின்ன ஒன்ன எப்பிடி விளிக்கது?" என்றார் மரியஜான்.

ஜெனோவா அந்த மணலில் உட்கார்ந்தாள். மகனின் பெயரைச் சொல்லி, அவன் நடந்ததைச் சொல்லி, தின்றதைச் சொல்லி, நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள். லிஜா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்தப் படகில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். தனியே இருந்து ஏழு வருடத்தில் அழுது முடித்திருந்த மரியஜான், அவள் பக்கத்தில் குந்தி, மறுபடி முதலிலிருந்து அழ ஆரம்பித்தார்.